தலைக்கானின் மறுகரை

மழைக்கு ஓர் அலுவலகம், வெயிலுக்கு ஓர் அலுவலகம், இரண்டும் சொன்ன நேரத்துக்கு வராததற்கு விளக்கம் எழுத ஓர் அலுவலகம் என்று சகலமும் இருக்கிற நாட்டில், மனிதர் சண்டை பிடிக்காமல் வாழ்வதற்கு மட்டும் அலுவலகம் இல்லாதிருந்தது பெரிய குறைதான். அந்தக் குறை தீரத்தான் பதுளையில் ஒரு மாடிக் கட்டடத்தில் புராதன சமாதானக் கூட்டுவாழ்வு மீட்பு அதிகாரசபை தோன்றியது. பழங்காலச் சமூகங்கள் எப்படி அடிதடியில்லாமல் கூடி வாழ்ந்தன என்று கண்டுபிடித்து, இக்காலத்து மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பதினொரு வருடம் ஆராய்ந்த பிறகு, இதுபற்றி மேலும் ஆராய வேண்டும் என்ற முடிவுக்கு அது வந்திருந்தது.

சபைக்குள் சமாதானப் பிரிவு, ஒத்துழைப்புப் பிரிவு என்று இரண்டு அறைகள். நடுவில் ஒரு கதவு. ஒரு மின்விசிறி எந்த அறைக்குச் சொந்தம் என்ற தகராறில், நாலு வருடத்துக்கு முன் அந்தக் கதவின் குறுக்கே ஓர் இரும்பு அலுமாரியை நகர்த்தி வைத்தார்கள். அன்று முதல் சமாதானப் பிரிவு ஒத்துழைப்புப் பிரிவுக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் பதிவுத் தபாலில் அனுப்பும். கடிதம் ஊரைச் சுற்றி முத்திரை குத்திக்கொண்டு, மூன்றாம் நாள் பக்கத்து அறைக்கு வந்து சேரும்.

இந்தச் சபையின் கண்ணில் படாமல் ஐம்பத்துமூன்று வருடத்தைக் கழித்துவிட்டவன் ரெங்கசாமி. மடுல்சீமைக்கு அப்பால், பஸ் திரும்பும் இடத்திலிருந்தும் இன்னும் மூன்று கட்டை தூரம் நடக்க வேண்டிய ஊசிப்பாறைத் தோட்டத்தில் அவன் தொழிலாளி. அங்கே மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு லயங்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கட்டிய பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள். மேட்டு லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை நெட்டுக்குத்தாக நிற்கிறது. அந்தச் சரிவின் குறுக்கே, மழைத்தண்ணீரை லயத்தின் தலையில் இறங்கவிடாமல் ஓடைப் பக்கம் திருப்பிவிடும் நீண்ட வாய்க்கால் ஒன்று உண்டு. தோட்டத்து ஆட்கள் வாய்க்காலைக் கான் என்பார்கள். எல்லாக் கான்களுக்கும் மேலே இருப்பதால் இது தலைக்கான்.

வருடா வருடம் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு மேலே ஏறி, தலைக்கானில் சேர்ந்த மண்ணையும் சருகையும் வெட்டி எறிவார்கள். யாரும் அழைப்பதில்லை, யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. ஒரே ஒரு வழக்கம்தான். கான் தொடங்கும் இடத்தில், கரைக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று முதல் வெட்டு வெட்ட வேண்டும். அந்த இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாத பகையாளிகளாக இருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது கோமாளித்தனமாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிநேகிதர் இருவரை நிறுத்தினால், "நீ வெட்டிக்கிட்டிரு, நான் ஒரு வெத்தலை போட்டுட்டு வாறேன்" என்று ஒருவன் நழுவிவிடுவான். பகையாளி நழுவமாட்டான். எதிர்க் கரை ஒரு முழ ஆழமென்றால் என் கரை ஒன்றரை முழம் என்று வீம்புக்கு வெட்டுவான். ஆபத்து அந்தரத்துக்கும் இதே சட்டம்தான்: முதலில் பகையாளி வீட்டு ஆளைத் தூக்கு. சொந்த வீட்டு ஆளைத் தூக்கச் சொல்லி யாருக்கும் சட்டம் போடத் தேவையில்லை.

ஏழு வருடமாக ஒரு கரையில் ரெங்கசாமி, மறுகரையில் பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி. ரெங்கசாமியின் ஆடு அவளுடைய போஞ்சிக் கொடியைத் தின்றதில் வந்த பகை. அன்றிலிருந்து அவள் அவன் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள். "தரித்திரம் புடிச்ச ஆடே, ஒன்னையக் கட்டிப்போட ஒரு ஆளில்லியா?" என்று காலையில் அவள் குரல் கேட்டால்தான் ரெங்கசாமிக்குப் பொழுது விடிந்தது என்று அர்த்தம்.

இந்த வருடம் அவனுக்குக் கானைப் பற்றி வழக்கத்தைவிட அதிகக் கவலை. மனைவி தனலெட்சுமி ஆவணி மாதம் கொழுந்து பறிக்கையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில், மலையைப் பார்த்த சுவரோரமாக அவள் கட்டில். மலையில் எது இறங்கினாலும் முதலில் அந்தச் சுவருக்குத்தான் இறங்கும். மற்றவர்கள் எழும்பி ஓடலாம். அவளால் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பகையாளிகளும் மண்வெட்டியை ஓங்கிய நேரத்தில்தான், எங்கோ ஓர் இடிந்த கோட்டையைப் பார்க்கப் புறப்பட்டு வழி தவறிய ஜீப் ஒன்று கீழே வந்து நின்றது. அதிலிருந்து அதிகாரசபைப் பணிப்பாளர் கலாநிதி ஜீவன் இறங்கினார். பின்னால் உதவிப் பணிப்பாளர் ஷிப்னா குறிப்புப் புத்தகத்தோடு இறங்கினார்.

"நிறுத்துங்க! யாரும் அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே பணிப்பாளர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்களைப் போல எல்லோரும் மண்வெட்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"இதுதான்! இதைத்தான் பதினொரு வருசமாத் தேடுறோம். எகிப்துக்குப் போனோம், பெரு நாட்டுக்குப் போனோம். இங்க இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே! உங்களுக்கு யார் கட்டளை போட்டது?"

"யாரும் இல்லீங்க சேர். மழை வருதுங்க" என்றான் ரெங்கசாமி.

"உங்க தலைவர் யார்?"

ரெங்கசாமி சுற்றுமுற்றும் பார்த்தான். "மழைதாங்க."

"எழுதுங்க ஷிப்னா. மழையைத் தலைவனாகக் கொண்ட சமூகம். எவ்வளவு காலமா இது நடக்குது?"

"எங்க அப்பா காலத்துல இருந்துங்க. அதுக்கு முந்தி எனக்குத் தெரியாதுங்க."

"எழுதுங்க. தொடக்கம் அறியப்படாத காலம்." பணிப்பாளரின் கண் கலங்கிவிட்டது. "இனி ஒரு பிடி மண்ணும் இங்கிருந்து எடுக்கக்கூடாது. இந்தக் கானுக்குள்ள புராதன ஒத்துழைப்பு அப்படியே படிஞ்சு கிடக்குது."

"படிஞ்சு கிடக்கிறது போன வருசத்து மண்ணுங்க சேர். அதை எடுக்கலேன்னா தண்ணி லயத்துக்குள்ள வந்துருமுங்க."

"அதை ஒத்துழைப்புப் பிரிவு பாத்துக்கும்" என்று பணிப்பாளர் ஆறுதல் சொன்னார்.

நாலாம் நாள் தலைக்கானைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். மூன்று மொழியில் பலகை நட்டார்கள்: 'பாதுகாக்கப்பட்ட புராதன ஒத்துழைப்புச் சின்னம். இங்கு மண்வெட்டி பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.' ஒரு கம்பத்தில் கெமரா பூட்டினார்கள். அதன் கீழே தறப்பாள் கூடாரம் போட்டு, பதுளையிலிருந்து ஸப்ரான் என்ற காவலாளியைக் கொண்டுவந்து இருத்தினார்கள். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனான அவன் நல்ல மனிதன். தனலெட்சுமி கட்டிலில் கிடந்தபடியே அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தனுப்புவாள்.

பள்ளத்து லயத்து ரமேஸ் ஒரு நாள் பொறுக்காமல் நாடாவைத் தாண்டி நாலு வெட்டு வெட்டினான். பொலிஸ் வந்து ஏற்றிப்போய் மூன்றாம் நாள்தான் விட்டது. இனி நாடாவைத் தாண்டும் குடும்பத்தின் காம்பரா பறிக்கப்படும் என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் வாசித்துக் காட்டினார்கள். ரெங்கசாமி தோட்டத்துத் துரையிடம் போய் நின்றான். "அது இப்ப என்னோட கான் இல்ல ரெங்கசாமி, சபையோட கான்" என்று துரை ஜன்னலைச் சாத்தினார்.

மழை தொடங்கியது. கானில் தண்ணீர் ஓடாமல் குளம் கட்டியது. பிறகு ஒரு நாள் அந்தத் தண்ணீர் குறைந்திருந்தது. மழை விட்டிருக்கவில்லை. ரெங்கசாமி நாடாவைச் சுற்றி, தலைக்கானுக்கும் மேலே தேயிலைக்குள் ஏறிப் பார்த்தான். செடிகளுக்கு நடுவே மண்ணில் ஒரு பிளவு. ஒரு விரல் அகலம்தான். ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிருந்தது. மேலிருந்து வந்த மழைத்தண்ணீர் கானை எட்டாமல், ஓசையில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிளவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்துவிட்டு வந்தான். நாலு நாளில் இரண்டு விரல்.

பதுளைக்குப் போனான். சமாதானப் பிரிவில் இருந்தவர் அவன் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "கான் வெட்டுறது ஒத்துழைப்பு. பக்கத்து அறை" என்றார்.

"கதவு எங்கங்க சேர்?"

"அலுமாரிக்குப் பின்னால. நீங்க கீழ இறங்கி, ரோட்டால சுத்தி, அந்தப் பக்கத்துப் படியால ஏறுங்க."

ஏறினான். வெட்டினால் சமாதானம் குலையுமா குலையாதா என்று சமாதானப் பிரிவு எழுதித் தர வேண்டும் என்றார்கள். இறங்கிச் சுற்றி ஏறினான். அப்படி எழுதித் தர, ஒத்துழைப்புப் பிரிவு முதலில் கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் இரண்டு பேர், நடுவில் அலுமாரி. ஐந்தாம் தடவை ஏறும்போது படியில் பணிப்பாளரே எதிர்ப்பட்டார். அன்போடு அழைத்துப் போய் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். 'கடந்த ஐந்து வருடங்களில் அயலவரோடு ஏதும் பிணக்கு உண்டா? விபரம் தருக.' ரெங்கசாமி பொய் எழுதத் தெரியாதவன். 'உண்டு. ஆடு' என்று எழுதினான்.

பணிப்பாளரின் முகம் வாடியது. "புராதன மனிதன் சண்டையே பிடிக்கல்ல ரெங்கசாமி. அதுதான் எங்க சபைக்கு அத்திவாரம். சண்டைக்காரங்க இதுல கை வைக்க ஏலாது."

"சண்டை இல்லாத ஆளு எங்கங்க சேர் இருக்கு? சண்டை இருந்தாலும் கான் வெட்டணும். அம்புட்டுதாங்க எங்க வழக்கம். கோவக்காரங்க ரெண்டு பேரத்தாங்க முன்னுக்கு நிப்பாட்டுவோம்."

பணிப்பாளர் படிவத்தைத் திரும்பவும் வாசித்தார். "அது ஆராய்ச்சியில இல்லியே" என்றார். ஆனால் ஷிப்னா அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அந்த அலுவலகத்தில் காதால் கேட்டதை எழுதும் பழக்கம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அதனால் என்ன வினை விளையும் என்று அவருக்கும் தெரியாது.

மறு வாரம் லயத்துக் கோயில் முன்னால் சமாதான வைபவம். பின்னால் ஒரு பதாகை, முன்னால் இரண்டு கெமரா. ரெங்கசாமியும் விஜயலெட்சுமியும் ஒருவருக்கொருவர் மாலை போட வேண்டுமாம். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் விழித்தார்கள். குடை பிடித்து நின்ற விஜயலெட்சுமியின் புருஷன் சுரேஸ், "இதுக்கு முகூர்த்தம் பாத்தாச்சா சேர்?" என்று கேட்டான். மாலை மாற்றினார்கள். 'என் அயலவரை நான் நேசிக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்ததை அவள் ஒரே மூச்சில் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்து, "இனியாச்சும் வெட்ட விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

கோயில் கதவைப் பூட்டப் போன பூசாரி, நிலை கோணிப்போய்க் கதவு சாத்தவில்லை என்றார். மாலைகளைப் படம் பிடிக்கும் அவசரத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ரெங்கசாமி வாங்கினான். பிளவு அன்று நாலு விரல்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கட்டிலருகே உட்கார்ந்து தனலெட்சுமிக்கு உரக்க வாசித்தான்.

'அதிகாரசபையின் அண்மைய ஆய்வின்படி, தலைக்கானின் முதல் வெட்டைப் பகையாளிகள் இருவரே வெட்ட வேண்டும் என்பது மரபாகும். விண்ணப்பதாரிகள் இருவரும் சமாதானமடைந்துள்ளதாக இச்சபையே சான்றளித்துள்ளபடியால், மேற்படி மரபுக்கு அவர்கள் தகுதியற்றவர்களாகின்றனர். மீண்டும் பகைக்க விரும்பின் ஏழாம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சமாதானப் பிரிவில் ஒப்படைக்கவும்.'

சுவருக்கு அந்தப் பக்கம் விஜயலெட்சுமி சிரித்தது கேட்டது. ஏழு வருடத்தில் அவன் கேட்ட முதல் சிரிப்பு. பிறகு அது நின்றது. வாசலுக்கு வந்து, "பிளவு எம்புட்டு இருக்காம்?" என்று ஆட்டிடம் கேட்டாள்.

"ஒரு சாண்" என்றான் ரெங்கசாமி, அவனும் ஆட்டிடம்தான். தனலெட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சுவரில் நேற்று இல்லாத ஒரு கோடு இருந்தது.

"என்னையத் தூக்கிட்டு எங்கயாச்சும் போயிருவோமா?" என்று கேட்டாள்.

"எங்க போறது?" என்றான் அவன். சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இந்தக் காம்பராவை விட்டால் வேறொன்றுமில்லை. காம்பராவும் சொந்தமில்லை.

புராதன ஒத்துழைப்புத் தினம் கார்த்திகையில், ஐந்து நாள் விடாமல் பெய்த மழையின் ஐந்தாம் நாள் முற்பகலில் நடந்தது. தலைக்கானுக்குக் கீழே, சரிவில் இரும்புத் தூண்கள் இறக்கி மேடை போட்டிருந்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த நடிகர்கள் புலித்தோல் அச்சடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, அட்டை மண்வெட்டிகளால் காற்றை வெட்டினார்கள். நிஜமாகவே கான் வெட்டத் தெரிந்த அறுபது பேரும் மஞ்சள் நாடாவுக்கு வெளியே, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பார்வையாளர்களாக நின்றார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே! புராதன மனிதன் ஏன் சமாதானமாக வாழ்ந்தான்? அவனுக்கு அனுமதிப் பத்திரம் தேவைப்படவில்லை! தண்ணீர் வந்தால் வெட்டினான்! மலை அசைந்தால் அயலவனைத் தூக்கினான்! அவன் குறுக்கே எவரும் நாடா கட்டவில்லை! அந்தப் பண்பு இன்று எங்கே போனது? அதைத் தடுப்பது யார்? நாங்கள் கேட்கிறோம், யார்?"

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே விஜயலெட்சுமி வெறும் வாளியோடு வந்தாள். ரெங்கசாமியின் முன்னால் வந்து நின்றாள். ஆட்டைத் தேடவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பீலில தண்ணி நின்னுருச்சு" என்றாள்.

மலையின் ஊற்றைக் குழாய் வைத்து லயத்துக்கு இறக்கிய பீலி அது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. இந்த மழையில் அது நின்றுவிட்டது என்றால், தண்ணீர் மலைக்குள்ளேயே வேறு வழி பார்த்துவிட்டது என்று அர்த்தம். ரெங்கசாமி நிமிர்ந்து பார்த்தான். மேலே நேர்க் கோடாக நிற்க வேண்டிய தேயிலை வரிசை ஒன்று நடுவில் தொய்ந்திருந்தது.

அவன் நாடாவைத் தாண்டி மேடையில் ஏறினான். "கேள்விகள் கடைசியில்" என்றார் பணிப்பாளர். ஷிப்னா அவன் முகத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், பணிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தார்.

"மலை வருது. எல்லாரும் ஸ்டோருக்கு ஏறுங்க. வழக்கப்படி தூக்குங்க."

அவ்வளவுதான் அவன் சொன்னான். அதற்குப் பிறகு யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்க் குன்றில் இருந்த தேயிலை ஸ்டோரை நோக்கி இரண்டு லயத்துச் சனமும் நகர்ந்தது. தன்னைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று தான் சந்தேகப்பட்டவனின் பிள்ளைகள் இரண்டையும் ரமேஸ் இடுப்புக்கொன்றாக வைத்துக்கொண்டு ஓடினான். ரெங்கசாமி, விஜயலெட்சுமியின் கண் தெரியாத மாமனாரை முதுகில் ஏற்றினான். தன் காம்பராவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். விஜயலெட்சுமியும் சுரேஸும் தனலெட்சுமியைக் கம்பளியோடு சேர்த்து இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கி அவனுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். ஸப்ரான் முன்வரிசை அதிகாரிகளை ஆட்டு மந்தை போல ஓட்டிக்கொண்டு வந்தான். பணிப்பாளர், "இது நிகழ்ச்சி நிரலில் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்டோர் வாசலில் தனலெட்சுமியை இறக்கினார்கள். அப்போதுதான் கீழே ஆடு கத்தியது.

"அந்தத் தரித்திரம் புடிச்ச ஆடு" என்றாள் விஜயலெட்சுமி. "கட்டிப்போட்டபடி கெடக்குது. நான் அவுத்துவிட்டுட்டு வந்துர்றேன்."

தனலெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "ஆடு போனாப் போகுது. நீ போகாத."

"ஏழு வருசமா நான்தானே கட்டிப்போடு, கட்டிப்போடுன்னு கத்துனேன். இன்னைக்குத்தான் கட்டிப்போட்டிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டு இறங்கினாள்.

மலை வந்த சத்தத்தை ஊசிப்பாறை ஆட்களிடம் கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள். மேடை, பலகை, கெமரா, கோயில், மேட்டு லயத்தின் பன்னிரண்டு காம்பராக்கள் எல்லாம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் சிவந்த சேறாகிவிட்டன. அந்தச் சேற்றின் ஓரத்திலிருந்து அறுந்த கயிற்றோடு ஆடு ஏறி வந்தது. ரெங்கசாமி ஆட்டுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றான். வெகுநேரம் நின்றான்.

மூன்றாம் நாள் அவளை எடுத்தார்கள். கயிற்றின் மறுபாதி அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

சாவு வீட்டுக்குப் பணிப்பாளர் வந்தார். "இவ்வளவு பெரிய அனர்த்தத்தில் உயிர்ச்சேதம் ஒன்றே ஒன்று. மக்கள் உத்தரவில்லாமலே ஒத்துழைத்தார்கள். இது எங்கள் சபையின் பதினொரு வருட உழைப்புக்குக் கிடைத்த வெற்றி" என்று பேசினார். அந்த 'ஒன்றே ஒன்று' அவர் காலடியில் கிடந்தது. சுரேஸ் எழும்பி அடிக்கப் போனான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஏன் பிடித்தோம் என்று அவர்கள் பின்னால் வருத்தப்பட்டார்கள்.

மிச்சமிருந்த எல்லோரும் பள்ளத்து லயத்தில் காம்பராவுக்கு மூன்று குடும்பமாக நெருக்கிக்கொண்டார்கள். அதற்கு மேலே இருந்த நடுக்கான் பாதி சேற்றால் மூடிக் கிடந்தது. மழை இன்னும் ஓயவில்லை. ரெங்கசாமி கானுக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, தனலெட்சுமியிடம் ஒரு விரலைக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மண்வெட்டியோடு ஏறினார்கள். நடுக்கானைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. புதிய பலகையின் பக்கத்தில் பணிப்பாளர் நின்றார். "இது இரண்டாவது சின்னம்" என்றார் பெருமையாக. "முதலாவது அழிஞ்சிட்டதால இதுக்கு மதிப்பு கூடிப்போச்சு."

ரெங்கசாமி, சேற்றிலிருந்து தோண்டியெடுத்த மண்வெட்டிகளில் ஒரு கையில் தன்னுடையதும் மறுகையில் விஜயலெட்சுமியுடையதுமாக அவர் முன்னால் போய் நின்றான்.

"சேர், மறுகரையில பகையாளி நிக்கணும். நிக்க வேண்டிய ஆளு போயிட்டாங்க. இந்த லயத்துல இப்ப யாருக்கும் யார்மேலயும் கோவம் இல்லீங்க. எல்லாக் கோவமும் உங்க மேலதாங்க. அதனால நீங்கதான் நிக்கணும். இந்தாங்க, புடிங்க."

பணிப்பாளர் மண்வெட்டியை இரண்டு கையாலும் பக்தியோடு வாங்கினார். "இது அந்த அம்மாவுடையதா?" என்று கேட்டார். ஆமென்று ரெங்கசாமி தலையாட்டினான். பணிப்பாளர் அதை ஷிப்னாவிடம் நீட்டி, "காட்சிக்கூடத்துக்கு. இலக்கம் ஒண்ணு போடுங்க" என்றார். ஷிப்னா கையை நீட்டவில்லை. குறிப்புப் புத்தகத்தை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு, பஸ் பாதையில் நடக்கத் தொடங்கினார். பணிப்பாளர் தாமே மண்வெட்டியைப் பின் ஆசனத்தில் படுக்கவைத்து, ஜீப்பில் ஏறிப் போனார்.

ரெங்கசாமி நாடாவைத் தாண்டி ஒரு கரையில் நின்றான். மண்வெட்டியை ஓங்கினான், ஆனால் முதல் வெட்டு விழவில்லை. எதிர்க் கரை வெறுமையாகக் கிடந்தது. பின்னால் அறுபது பேர் மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தார்கள்.

நாடாவருகே காவல் நின்ற ஸப்ரான் தொப்பியைக் கழற்றிப் பலகையில் மாட்டினான். ரமேஸிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மறுகரையில் வந்து நின்றான்.

"நான்தானே அண்ணே காவல் இருந்தேன், வெட்ட விடாம. என்னை ஏசுங்க. நல்லா ஏசுங்க. அப்பதானே நான் இங்க நிக்கலாம்."

ரெங்கசாமி வாயைத் திறந்தான். தனலெட்சுமி கொடுத்தனுப்பிய தேத்தண்ணியைக் குடித்த மனிதன். பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்துக் காட்டிய மனிதன். ஏச்சு வரவில்லை. கடைசியில் வந்தது அவனுடைய குரலில்தான், ஆனால் அவனுடைய வார்த்தையில்லை.

"தரித்திரம் புடிச்ச ஆடே" என்றான். "ஒன்னையக் கட்டிப்போட ஒரு ஆளில்லியா?"

சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதான். அழுதுகொண்டே ஓங்கி வெட்டினான். மறுகரையிலும் வெட்டு விழுந்தது, அவனுடையதைவிட ஒரு விரல் ஆழமாக. அவன் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஆழமாக வெட்டினான்.